பாளயத்துக்கு வெளியே போன ஆசாரியர்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்த ஜெபக்கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். லயத்து வீடு ஒன்றில் பாய் விரித்துச் சுமார் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பால்மரம் வெட்டும் அம்மா ஒருவர் சற்றுத் தாமதமாக வந்து ஓரத்தில் அமர்ந்தார். உடனே பக்கத்திலிருந்த இருவர் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். அந்த அம்மாவுக்குத் தொழுநோய் வந்திருந்தது. மருந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டார்; குணமாகிவிட்டது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் அந்த இடைவெளி! கூட்டம் முடிந்தபின் நாம் காரணம் கேட்டோம். பெரியவர் ஒருவர் வேதப்புத்தகத்தைத் திறந்து, லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி, “நாங்களா சொல்றோம் வாத்தியாரே? வேதமே சொல்லுது” என்றார்.

வேதம் சொல்வது அதுதானா என்று இன்று பார்ப்போம்.

முதலில் தீட்டு என்ற சொல். பண்டைய இஸ்ரவேலருக்குத் தீட்டும் பாவமும் ஒன்றல்ல. பிள்ளை பெற்ற தாய்க்குத் தீட்டு உண்டு. பிள்ளை பெறுவது பாவமா? செத்தவரின் உடலைத் தொட்டவருக்கு ஏழு நாள் தீட்டு. தகப்பனை அடக்கம் செய்வது மகனின் கடமையல்லவா? கடமையைச் செய்தாலும் தீட்டு வரும். நாள் கணக்கு முடிந்து, குளித்து, சுத்திகரிப்பு முறைகளைச் செய்தால் போய்விடும். அதுவரை பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகக்கூடாது, பரிசுத்தமான பொருளைத் தொடக்கூடாது. தீட்டுப்பட்டவர் கெட்டவர் என்ற பேச்சே அங்கு இல்லை.

இனி அந்த 13ஆம் அதிகாரத்துக்கு வருவோம். தோலில் தடிப்போ வெள்ளைப் படையோ கண்டவரை ஆசாரியரிடம் கொண்டுவர வேண்டும். அவர் உற்றுப் பார்க்கிறார். அந்த இடத்தில் மயிர் வெளுத்திருக்கிறதா? தோலைவிடப் பள்ளமாகத் தெரிகிறதா? சந்தேகமாக இருந்தால் ஏழு நாள் தனியே வைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். தேவையானால் இன்னும் ஏழு நாள். படை மங்கி, பரவாமல் இருந்தால், சுத்தமானவர் என்று அறிவித்து அனுப்பிவிடுகிறார். அவசரப்பட்டு ஒருவரையும் ஒதுக்க அவருக்கு உரிமையில்லை. அவர் வைத்தியரும் அல்லர். அந்த அதிகாரம் முழுவதும் தேடினாலும் ஒரு மருந்துகூடக் கிடையாது.

அதே அதிகாரத்தில் வேடிக்கையான விதி ஒன்றும் உண்டு. அந்த வெண்மை தலைமுதல் கால்வரை உடம்பு முழுவதும் மூடிவிட்டால், அவர் சுத்தமானவர்! தொற்றுநோய்க்குப் பயந்து எழுதிய சட்டமானால் இப்படி இருக்குமா? இன்னும் பாருங்கள்: ஆட்டுமயிர்த் துணிக்கும், தோல் சாமானுக்கும், அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும்கூட இதே நோய் வருகிறது. “சார், சட்டைக்குக் குஷ்டம் வருமா?” என்று வகுப்பில் ஒரு பையன் ஒருமுறை கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அது நல்ல கேள்வி.

எபிரெய மொழியில் அந்தச் சொல் ‘சாராஅத்’. படை, செதில், பூஞ்சணம் போன்ற பலவற்றுக்கும் அது பொதுப்பெயர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘லெப்ரா’ ஆயிற்று. அதுவும் செதில் உதிரும் தோல்நோயைக் குறித்த சொல்தான். பிற்காலத்தில் அதே சொல் வேறொரு நோய்க்குப் பெயராகிவிட்டது. நம் வேதாகமத்தில் ‘குஷ்டரோகம்’ என்று வந்தது. ஆகவே மோசேயின் சட்டத்தைப் படிக்கும்போது, நம் கண்முன் தோன்றுவது வேறு நோய்.

இந்த வேறு நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். பெரும்பாலோரின் உடம்பு அந்தக் கிருமியைத் தானே எதிர்த்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவாது. உணர்ச்சியற்ற வெளிறிய படையோ சிவந்த படையோ தோலில் தெரிந்தால், மறைக்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். காலம் கடத்தினால்தான் விரலும் பாதமும் கெடும்.

நம் நாட்டில் 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பை மூத்தவர்கள் அறிவார்கள். நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைத்த காலம் அது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் தொற்றுக்குப் பயந்து போட்டார்கள்; லேவியராகமத்தின்மேல் பழி போடுவது நியாயமல்ல. ஆனால் குணமான பிறகும் விலகி உட்காருகிறோமே, அதற்குத்தான் நாம் வேதத்தைத் துணைக்கு அழைக்கிறோம்.

அந்தப் பெரியவர் 13ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டார். தீட்டுள்ளவர் கிழிந்த உடையோடு, வாயை மூடி, தன் தீட்டைத் தானே கூவி அறிவித்துக்கொண்டு, பாளயத்துக்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. கடுமையான வரிதான், மறைக்கவில்லை. ஆனால் 14ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? நோய் நீங்கியவரைப் பார்க்க ஆசாரியர்தாம் பாளயத்துக்கு வெளியே நடந்துபோகிறார். இரண்டு குருவிகளைக் கொண்டுவரச் சொல்கிறார்; ஒன்றைக் கொன்று, மற்றொன்றை வெளியில் பறக்கவிடுகிறார். குணமானவர் குளித்து, மயிர் சிரைத்து, பாளயத்துக்குள் வருகிறார். எட்டாம் நாள் அவருடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பலியின் இரத்தமும், அதன்மேல் எண்ணெயும் பூசப்படுகின்றன. ஆரோனை ஆசாரியராக்கியபோது இரத்தம் பூசியதும் இதே மூன்று இடங்களில்தான்! நேற்றுவரை வெளியே கிடந்தவருக்கு இந்த மரியாதை. மூன்று ஆடு கொடுக்க முடியாத ஏழையானால் ஓர் ஆட்டுக்குட்டியும் இரண்டு புறாக்களும் போதும். காசில்லை என்பதற்காக யாரும் வெளியே நின்றுவிடக்கூடாது.

மோசேயின் அக்காள் மிரியாமுக்கே இந்தத் தீட்டு வந்தது என்று எண்ணாகமம் சொல்கிறது. ஏழு நாள் அவர் வெளியே இருந்தார். அவர் திரும்பி வரும்வரை ஜனங்கள் பயணம் புறப்படவில்லை, காத்திருந்தார்கள்.

மாற்கு சுவிசேஷத்தில், தோல்நோய்க்காரர் ஒருவர் இயேசுவின் முன் முழங்கால் படியிடுகிறார். இயேசு கைநீட்டித் தொடுகிறார். குணமான பிறகு தொட்டதல்ல, அதற்கு முன்பே. அப்புறம், ஆசாரியரிடம் போய்க் காட்டி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தும்படி அனுப்புகிறார். சட்டத்தை அவர் தள்ளவில்லை. அந்த மனிதர் ஊருக்குள் திரும்ப அந்தச் சட்டமே வழி. இப்போது எருசலேம் ஆலயமும் இல்லை, பலியும் இல்லை. கிறிஸ்தவர்கள் குருவி கொண்டுபோக வேண்டியதில்லை. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக்கூடாதெனத் தேவன் தமக்குக் காட்டியதாகப் பேதுரு சொன்னது அவர்கள் வேதத்திலேயே இருக்கிறது.

அடுத்த வாரம் நாம் மறுபடி அந்த லயத்துக்குப் போனோம். பெரியவரிடம் 14ஆம் அதிகாரத்தை உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொண்டோம். நீளமான அதிகாரம், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். காது மடல் வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடியும் படித்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே, “அம்மா, அங்க என்ன ஓரத்துல? இப்படி வந்து உக்காருங்க” என்றார்.