உண்டியலும் மொய் நோட்டும்



தீராத நோயோ பிறவிக் குறையோ உடைய குழந்தைகளின் குடும்பங்களுக்குப் பொருளுதவி திரட்டும் வழிகளைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடமே உலகம் என்று இருந்துவிட்டு, 2017-ஆம் ஆண்டில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். பணம் திரட்டும் கலையில் எனக்கு என்ன தேர்ச்சி இருக்க முடியும் என்று முதலில் தயங்கினேன். பிறகு, இத்துறையில் நான் செய்த பெரும்பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. பிழை செய்தவனுக்கும் அதைப் பற்றிப் பேச உரிமை உண்டல்லவா? அந்தத் துணிவோடுதான் இங்கே வந்து அமர்ந்திருக்கிறேன்.

வானொலியில் பேசுவதால், வானொலியோடு தொடர்புடைய செய்தி ஒன்றையே முதலில் சொல்கிறேன். 1938-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் எடி கேன்டர் என்னும் நகைச்சுவை நடிகர் வானொலி வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். இளம்பிள்ளை வாதம் ஆண்டுதோறும் குழந்தைகளை முடமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட்டே அந்நோய் கண்டு கால்களின் வலிமையை இழந்தவர். “ஆளுக்கு ஒரு டைம் நாணயம், அதாவது பத்து சென்ட், வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள்” என்பதே வேண்டுகோள். சில நாட்களில் அஞ்சல் மூட்டைகள் வந்து குவிந்தன. இருபத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட டைம் நாணயங்கள் சேர்ந்தன. இவ்வாறு திரண்ட பணம் நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்கும் டாக்டர் ஜோனாஸ் சால்க்கின் ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. அவர் கண்ட தடுப்பு மருந்து பயனுள்ளது, தீங்கற்றது என்று 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது.

இதுவரையில் இனிய கதை. ஆனால் 1946-ஆம் ஆண்டிலிருந்து அந்த அமைப்பு வேறொரு பழக்கத்தைக் கைக்கொண்டது. நோயுற்ற குழந்தைகளைப் படம் பிடித்துச் சுவரொட்டிகளில் அச்சிட்டது. பணம் பெருகியது உண்மை. ஆயினும், பிற்காலத்தில் உடற்குறை உடையோரே அப்பழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார்கள். பிறர் இரக்கத்தைத் தூண்டும் பொருளாகத் தங்களை நிறுத்தியது தகாது என்றார்கள். இதை நான் புத்தகத்தில் படித்து அறிவதற்கு முன்பே, என் பள்ளிக்கூட மேடையில் செய்து பார்த்துவிட்டேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஓர் ஊர். 2008-ஆம் ஆண்டு அங்கே நான் தலைமையாசிரியன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும். அவனுக்குத் தலசீமியா என்னும் நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் இரத்தக் குறை அது. உடல் தனக்கு வேண்டிய இரத்தத்தைச் செம்மையாக உண்டாக்கிக்கொள்ளாது. இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்ற ஏற்ற இரும்புச் சத்து உடம்பில் தங்கி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றத் தனியாக மருந்து வேண்டும். இவை யாவும் வாழ்நாள் முழுவதும்.

பையனின் தந்தை கூலி வேலை செய்பவர். நிலைமையைக் கேள்வியுற்றதும் எனக்கு உள்ளம் உருகிவிட்டது. உள்ளம் உருகும்போது அறிவு சற்று ஒதுங்கி நிற்கும் போலும்! மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவனை மேடைக்கு அழைத்தேன். அறுநூறு பிள்ளைகளின் முன்னால் அவன் நோயை விவரித்தேன். ஓர் உண்டியலை அவன் கையிலேயே கொடுத்து, “எல்லோரும் இயன்றதைப் போடுங்கள்” என்றேன். 2,340 ரூபாய் சேர்ந்தது. சக உபாத்தியாயர்கள் என்னைப் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். தாய் தலைகுனிந்து இருந்தார். பாட்டிதான் பேசினார்: “அய்யா, பணம் குடுத்தீக, நல்லா இருப்பீக. ஆனா எம் பேரன உண்டியலோட நிக்க வச்சுட்டீகளே. பள்ளிக்கூடத்துல அவன உண்டியலுன்னு கூப்பிடுறாங்களாம்.”

வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் பையன் அவன். ஒரே காலையில் அவனுக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தவன் நான்.

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்ய? பின்புதான், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “உங்களுக்கு உண்மையில் என்ன தேவை?” விடை என்னை வியப்பில் ஆழ்த்தியது. அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றுவதற்குப் பணம் கேட்பதில்லை. அவர்களை வாட்டியது தஞ்சாவூர் போய்வரும் பஸ் கட்டணமும், அன்றைக்கு இழக்கும் கூலியும், வெளியே வாங்க வேண்டியிருந்த மாத்திரையும். அவற்றோடு, சில சமயங்களில் இரத்தமே கையிருப்பில் இல்லாமல் திரும்பி வரும் அலைச்சல். மேடையில் நின்று ‘பணம், பணம்’ என்று நான் முழங்கியபோது, அவர்களுக்கு வேண்டியிருந்தவற்றுள் ஒன்று இரத்தம்! கல்லூரி மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிறைந்து, நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர், ஆணாயின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்ணாயின் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் குருதி அளிக்கலாம். சட்டைப் பையில் காசில்லாதவனும் அளிக்கக்கூடிய கொடை அது.

பாட்டி ஒரு வழி சொன்னார்: “மொய் விருந்து வச்சுப் பாப்போம்.”

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி முதலிய ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும். பணம் தேவைப்படுபவர் அழைப்பிதழ் அச்சிட்டு, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போடுவார். வந்தவர்கள் உண்டு, மொய் எழுதிவிட்டுப் போவார்கள். ஒருவர் நோட்டில் பெயரும் தொகையும் எழுத, மற்றொருவர் எண்ணி வாங்குவார். பிற்பாடு, மொய் எழுதியவர் வீட்டு விருந்தின்போது அத்தொகையைக் கூடுதலாகவே திருப்பிச் செய்ய வேண்டும். இதை மூடப்பழக்கம் என்று நான் ஏளனம் செய்ததுண்டு. அன்றுதான் அதன் நுட்பம் புலப்பட்டது. கொடுப்பவன் வள்ளலுமல்லன், வாங்குபவன் இரப்பவனுமல்லன். பையனின் தந்தை பல ஆண்டுகளாக ஊரார் விருந்துகளில் ஐம்பதும் நூறுமாக எழுதி வந்தவர். இப்போது அவர் முறை, அவ்வளவுதான். அந்த விருந்தில் ஒருவர்கூட அவர் மகனின் நோயைப் பற்றிப் பேசவில்லை. நானும் போனேன். ஆயிரம் ரூபாய் எழுதினேன்.

ஆனாலும் இவ்வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். மொய் என்பது கடனே. அறுவைச் சிகிச்சை போல ஒரு முறை செலவழித்தால் முடியும் காரியத்துக்கு அது பொருந்தும். வாழ்நாளெல்லாம் தொடரும் நோய்க்குப் பொருந்தாது. திருப்பிச் செய்யும் ஆண்டுகளில் அந்தத் தந்தை இரண்டு ஆடுகளை விற்றார் என்பதையும் நான் அறிவேன். தொடர்ந்து வரும் செலவுக்குத் தொடர்ந்து வரும் சிறுதொகையே தேவை.

அதற்குப் பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் பழைய செய்தித்தாள் கொண்டுவருவார்கள். மாத முடிவில் எடை போட்டு விற்போம். ஆசிரியர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்தோம். ‘பயணச் செலவு நிதி’ என்று மட்டும் பெயரிட்டோம். யாருக்கு என்று பலகையில் எழுதவில்லை. வரவும் செலவும் மட்டும் எழுதினோம். மாதம் எண்ணூறு, தொள்ளாயிரம் தேறும். அந்தப் பையனும் செய்தித்தாள் கொண்டுவந்தான். மற்றவர்களைவிட அதிகமாகவே கொண்டுவந்தான் என்று நினைக்கிறேன். காது கேளாத ஒரு சிறுமியின் திருச்சிப் பயணங்களுக்கும் அந்நிதி உதவியது.

இன்று வழிகள் பெருகியிருக்கின்றன. 2012-ஆம் ஆண்டு தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கே வந்து மருத்துவக் குழுவினர் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் உண்டு. உண்டியலைத் தேடும் முன் இவற்றைத் தேடுங்கள். காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று வாங்கிக் கொடுக்க அலைவதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் பணம் திரட்டுவதில் சேர்ந்தவையே. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு, உங்கள் கையெழுத்து நூறு ரூபாய் நோட்டைவிட மேலானது.

முதுகுத் தண்டு தசைச் சிதைவு போன்ற அரிய நோய்களும் உள்ளன. அதற்கான மரபணு மருந்தின் விலை ஏறத்தாழ பதினாறு கோடி ரூபாய் என்று 2021-இல் பத்திரிகைகளில் படித்து நாம் திகைத்தோம். முன்பின் அறியாதவர்கள் கைப்பேசி வழியே அனுப்பிய சிறு தொகைகள் சேர்ந்து, நம் நாட்டில் சில குழந்தைகளுக்கு அம்மருந்து கிடைத்தது. வியத்தகு செயலே. ஆனால் அதே கைப்பேசியில் பொய்யான வேண்டுகோள்களும் வருகின்றன. மருத்துவமனையோடு பேசி உறுதி செய்துகொள்ளாமல் அனுப்பாதீர்கள். கூடுமானால் பணத்தை மருத்துவமனையின் கணக்குக்கே செலுத்துங்கள். உண்மையான வேண்டுகோளாயினும், குழந்தையின் படத்தைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் முன், அக்குழந்தை வளர்ந்து அதைப் பார்க்க நேருமே என்று ஒரு கணம் எண்ணுங்கள். நான் உண்டியல் கொடுத்தது அறுநூறு பேர் முன்னிலையில். கைப்பேசிக்கு அந்த எல்லைகூட இல்லை.

2014-ஆம் ஆண்டு என் மகளுக்குத் திருமணம் நடந்தது. மொய் எழுதும் மேசையருகே நான் நின்றுகொண்டிருந்தபோது, அந்தத் தந்தை மகனுடன் வந்தார். பையன் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தான்; பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். தந்தை மடியிலிருந்து பணத்தை எடுத்தார். ஆயிரத்து நூறு ரூபாய். “வேண்டாம், மருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதுபவர், “பெயர்?” என்று கேட்டார். தந்தை தம் பெயரையும் ஊரையும் சொன்னார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.