துத்தநாக விரலும் வெள்ளைப் பாஷாணமும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரங்களுக்கு ஜிங்க் சல்பேட் புதுசில்லை. அதே துத்தநாகம் நம் உயிரணுவிலும் உண்டு. சில புரதங்களை அது விரல்போல மடித்துப் பிடித்திருக்கிறது. 1985-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளுக் குழுவினர் சொன்ன 'துத்தநாக விரல்' இதுதான்.

பி.எம்.எல். என்ற புரதத்திலும் இவ்விரல்கள் உண்டு. 15, 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டினால், அப்புரதம் வேறொன்றோடு இணைந்துவிடும். வெள்ளணுக்கள் முதிராமலே பெருகும். இது ஒருவகை ரத்தப் புற்றுநோய்.

இதற்கு மருந்து, சித்த வைத்தியர் அறிந்த வெள்ளைப் பாஷாணம்தான். அதாவது ஆர்செனிக் டிரையாக்சைடு! துத்தநாகத்தின் இடத்தில் அது போய் உட்கார, கெட்ட புரதம் அழிகிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1998 முதல் 2004 வரை இதையே முதன்மை மருந்தாகப் பெற்றவர்கள் 72 பேர். 86 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. ஆனால் இது விஷம். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டியது. வீட்டு வைத்தியம் வேண்டாம்.

ஏன் இதைச் சொல்கிறேன்? என் பெஞ்சுத் தோழனுக்கு ஈறில் ரத்தம் வந்தது. பல் கோளாறுன்னு பத்து நாள் விட்டுட்டோம். மதுரைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஆரம்ப நாட்களின் ரத்தக் கசிவுதான். அதைத் தாண்டினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, காரணமில்லாமல் ரத்தம் கசிந்தாலோ உடம்பில் நீலம் பாரித்தாலோ அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவன் பெயரால் கேட்கிறேன்.