மாத்திரை வந்தது, அளவுகோல் வந்ததா?

(பொதுக்கூட்ட உரை)



சர்க்கரை நோயைச் சீமான்களின் நோய் என்று செப்பிய காலம் ஒன்றுண்டு. பஞ்சு மெத்தை, பாதாம் அல்வா, ஏவலுக்கு ஆள், எழுந்து நடக்க மனமில்லாத உடல், இவை உள்ள இடத்தில்தான் அந்நோய் குடியேறும் என்றனர். கூலிக்காரன் குடிசைக்கு அது வராது; வந்தாலும் அங்கு உட்கார இடமேது என்று ஏளனமும் பேசினர்.

அந்தக் கதை பொய்த்துவிட்டது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நடந்த பேராய்வு, 15 மாநிலங்களின் கணக்கை 2017ஆம் ஆண்டு வெளியிட்டது. பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்கள் சிலவற்றின் நகரங்களில், செல்வரைவிட ஏழையரிடமே நீரிழிவு மிகுதி என்று அது செப்பிற்று. அதே ஆய்வு 2023ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் கணக்கு முடித்தபோது, நோயுற்றோர் தொகை 10 கோடியைத் தாண்டி நின்றது.

நோய் நடந்தது, மாளிகையிலிருந்து குடிசைக்கு. அந்த நோயை அளந்து அடக்கும் சோதனையோ, மாளிகை வாசலிலேயே நின்றுவிட்டது! இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வழக்கு.

நாடகத்தில் கொடியவன் மேடையேறும்போது முரசு அதிரும், விளக்கு சிவக்கும், பார்ப்பவர் விழித்துக்கொள்வர். இந்தக் கொடியவன் ஓசையின்றி வருகிறான். வலி இல்லை, காயம் இல்லை. கண்ணின் மெல்லிய நாளங்களை அரிக்கிறான், சிறுநீரகத்தைச் சிதைக்கிறான், காலின் உணர்ச்சியைத் திருடுகிறான். முள் தைத்ததும் தெரியாது, புண் புரையோடியதும் தெரியாது. அவன் முகத்தைக் காட்டும் விளக்கு ஒன்றுதான்: இரத்தப் பரிசோதனை!

அதிலும் சிறந்த பரிசோதனை ஒன்று உண்டு. ஹெச்பிஏ1சி என்பது அதன் பெயர். மூன்று மாதச் சர்க்கரை என்பர் மக்கள். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் இரத்தத்தில் ஓடிய சர்க்கரை, அணுவிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று திங்களின் கணக்கு அப்படியே வெளிவரும். கட்டுக்குள் இருப்போர்க்கு ஆண்டுக்கு இருமுறையேனும், கட்டுக்குள் வராதோர்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இது தேவை என்பது மருத்துவ நெறி.

இங்கேதான் கொடுமையைக் காணுங்கள், தோழர்களே! பழைய முறைச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டும். இரத்தம் தந்து, உண்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மீண்டும் தரவேண்டும். நாற்று நடும் தாய்க்கு, மூட்டை சுமக்கும் தோழனுக்கு, அது சோதனையன்று. ஒரு நாள் கூலியின் இழப்பு! ஹெச்பிஏ1சிக்கோ பட்டினி வேண்டாம், காத்திருப்பு வேண்டாம். எந்நேரமும் ஒரே ஒரு முறை இரத்தம் தந்தால் போதும். உழைப்பவனுக்கென்றே செய்தாற்போன்ற சோதனை அது. ஆனால் தனியார் கூடத்தில் அதன் விலையோ சில நூறு ரூபாய்! யாருக்கு ஏற்றதோ அவன் கைக்கு எட்டவில்லை; யாருக்கு எட்டுகிறதோ அவன் காத்திருக்கவும் வசதி படைத்தவன். இந்த அநீதி இங்கு மட்டுமா? செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் காப்பீடு இல்லாதோர் இச்சோதனையைக் குறைவாகவே பெறுகின்றனர். பணம் படைத்த நாடாக இருந்தால் போதாது, பகிர்ந்தளிக்கும் நாடாக இருக்கவேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

"ஓர் எண்ணுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்போர் உளர். 1998ஆம் ஆண்டு வெளியான பிரிட்டிஷ் ஆய்வை அவர்கள் படிக்கட்டும். ஒரு பிரிவினரின் சராசரி ஹெச்பிஏ1சி அளவு 7.9, தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்த மறு பிரிவினரின் அளவு 7.0. வேறுபாடு ஒன்றுக்கும் குறைவு! அந்தச் சிறு வேறுபாடு, கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்நாளக் கேடுகளை 25 விழுக்காடு குறைத்தது. எண் அல்ல அது. ஒரு குடும்பத்தின் கண்ணொளி!

1923ஆம் ஆண்டு, இன்சுலினுக்கான காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். உயிர் காக்கும் பொருள் ஊருக்குரியது என்பது அதன் பொருள். அந்த வழியில்தான் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிற்று. நீரிழிவு மாத்திரை ஏழையின் வாயில் தேடி வந்தது. வாழ்த்துவோம்! வாழ்த்தியதோடு வாளாவிருப்பதா? மாத்திரை கொடுத்து அளவு பாராமல் விடுவது, ஓடம் கொடுத்துத் துடுப்பை மறுப்பதாகும். தின்ற மருந்து வேலை செய்ததா என்று அறியும் உரிமை தின்றவனுக்கு இல்லையா?

"செலவாகுமே!" என்பார்கள். ஆகும். சோதனைக்குச் சில நூறு. சிறுநீரகம் கெட்டபின் வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்பு, வாழ்நாள் முழுதும்! எது செலவு? எது சிக்கனம்?

தோழர்களே! உரை கேட்டுக் கைதட்டிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. நாளைக் காலை உங்கள் கிளையில் ஓர் ஏட்டை எடுங்கள். தெருத்தெருவாகச் செல்லுங்கள். சர்க்கரை உள்ளவரிடம் ஒரே கேள்வி: "ஐயா, அம்மா, கடந்த ஆறு மாதத்தில் மூன்று மாதச் சர்க்கரை பார்த்தீர்களா?" குறிப்பாகத் தாய்மாரைக் கேளுங்கள், கணவனுக்கு மாத்திரை எடுத்து வைப்பவள், தன் கையை ஊசிக்கு நீட்டியிருக்கமாட்டாள். பெயரை ஊராரிடம் காட்டாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் திரட்டுங்கள். மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடும்போது, அந்த எண்ணிக்கையை அவையில் வையுங்கள். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கட்டணமின்றி, ஆண்டுக்கு இருமுறை இச்சோதனை வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.

ஆட்சியில் யார் இருந்தாலும் கேளுங்கள். நம்மவராயின் உரிமையோடு, மாற்றாராயின் உறுதியோடு! நோய் சாதி பார்க்கவில்லை, கட்சி பார்க்கவில்லை, பணப்பை பார்க்கவில்லை. சோதனை மட்டும் பணப்பை பார்ப்பதை நாம் பொறுக்கமாட்டோம்!