எந்தக் காகிதம்னு எழுதலையே?

(சிறு உணவகம், வீட்டுச் சமையல், பார்சல் கடை நடத்துவோருக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் பேக்கேஜிங் படிச்சவள் இல்லை. இதழியல் படிச்சுட்டு, அரசின் சேவைகளைப் பற்றி மக்களுக்குப் புரியற மாதிரி எழுதுறதுதான் என் வேலை. அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேச என்னை இங்கே நிறுத்தினது என் சித்தி. அவங்க விருதுநகர் பக்கம் சாயங்கால டிபன் பார்சல் கடை வச்சிருக்காங்க.

வேலையில் சேர்ந்த புதுசுல ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு வாசகம் எழுதினேன். "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், காகிதத்துக்கு மாறுவோம்." எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. சித்தியும் படிச்சாங்க, மாறினாங்க. பெட்டி ஒன்று 6 ரூபாய் வீதம் 2,000 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தாங்க. கடை பேரு, பூப்படம் எல்லாம் போட்டு பளபளன்னு வந்துச்சு. மூணாவது நாள், ஒரு அலுவலகத்துக்கு வாரா வாரம் பார்சல் எடுக்கிற தம்பி திரும்பி வந்தார். பிரியாணிப் பெட்டி அடியில ஊறி, மூலை பிரிஞ்சு, அவர் வண்டிப் பையில் இருந்த ஃபைலெல்லாம் எண்ணெய். அந்த அலுவலக ஆர்டர் அதோடு நின்னுபோச்சு.

சித்தி எனக்கு போன் போட்டுத் திட்டலை. ஒரே ஒரு கேள்விதான். "ஏண்டி, காகிதம் காகிதம்னு எழுதினியே, எந்தக் காகிதம்னு எழுதலையே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாலு அச்சகம், ரெண்டு பெட்டி செய்யுற இடம், சில விதிமுறைப் புத்தகம்னு அலைஞ்சதில் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். நீங்க பெட்டி வாங்குறவரா இருந்தா 12,000 ரூபாய் மிச்சம். பெட்டி செய்யலாம்னு நினைக்கிறவரா இருந்தா இன்னும் நல்லது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா பார்த்துடுவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு. பிளாஸ்டிக் பை, உணவு கட்டுற தாள், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் வரும்னு உங்களுக்குத் தெரியும். பல பேருக்குத் தெரியாதது, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் காகிதக் கப்பும் அதே பட்டியலில் இருக்கு என்பதுதான். வெளியே பார்த்தா காகிதம். உள்ளே மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம். அதனால பெட்டி வாங்கும்போதும் "உள்ளே என்ன பூச்சு?"ன்னு கேட்டே ஆகணும். விற்கிறவர் "எல்லாம் பேப்பர்தாங்க"ன்னு சொன்னா, ஒரு துண்டைக் கிழிச்சுப் பாருங்க. காகிதம் கிழிஞ்ச பிறகும் கண்ணாடி மாதிரி ஒரு சவ்வு இழுபட்டு நின்னா, அது பிளாஸ்டிக். வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவச்சு உரிச்சாலும் தெரிஞ்சுடும்.

இது சட்டத்துக்கு மட்டுமான விஷயம் இல்லை. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் காகிதக் கப்புகளைச் சோதிச்சாங்க. 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி தண்ணீரை 15 நிமிஷம் கப்பில் வச்சிருந்ததில், அந்த உள்படலம் சிதைஞ்சு சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் தண்ணியில் கலந்திருந்தது. நம்ம சாம்பாரும் சூடாத்தான் கட்டப்படுது.

"மக்கும் பிளாஸ்டிக் பூச்சு"ன்னு சொல்லி விற்கிறவங்களும் உண்டு. அப்படின்னா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கணும். சான்றைக் காட்டச் சொல்லுங்க, காட்டலைன்னா வேண்டாம்.

இப்போ அட்டைக்கு வருவோம். சித்தி வாங்கினது டூப்ளெக்ஸ் அட்டை. மேல வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம். பழைய பேப்பர், பழைய அட்டைப்பெட்டி எல்லாத்தையும் கூழாக்கிச் செய்யுறது. சட்டைப் பெட்டிக்கு, பொம்மைப் பெட்டிக்கு அருமையான அட்டை. ஆனா அந்தப் பழைய பேப்பரில் இருந்த அச்சு மையின் எண்ணெய் அட்டைக்குள்ளேயே தங்கியிருக்கும். சூடும் எண்ணெயும் சேர்ந்தா உணவுக்கு இறங்கிடும். சாம்பல் பக்கம் உணவைத் தொடவே கூடாது. உணவுக்குன்னா புதுக் கூழில் செஞ்ச, இரண்டு பக்கமும் வெளுப்பான, உணவுத் தர அட்டைன்னு கேட்டு வாங்குங்க. இந்த வகை அட்டைக்கு நாம ரொம்ப தூரம் போக வேண்டியதும் இல்லை. தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யுற நம்ம டி.என்.பி.எல்., மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் பல அடுக்கு அட்டை ஆலையே வச்சிருக்கு. ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன்.

பேச்சோட பேச்சா ஒன்று. இன்னும் சில கடைகளில் வடை, பஜ்ஜியை நாளிதழில் மடிச்சுத் தர்றாங்க. 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு பேக்கேஜிங் விதிகள் அதைத் தெளிவா தடுத்திருக்கு. பெட்டியிலும் அச்சிட்ட பக்கம் உணவைத் தொடக்கூடாதுன்னு அதே விதிகள் சொல்லுது. எழுத்தும் படமும் வெளியே மட்டும்தான். அழகுக்காக உள்பக்கமும் கடை பேரு போடணும்னு ஆசைப்படாதீங்க. இப்படி எங்கேயாவது பார்த்தா, உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் புகார் அனுப்பலாம்.

சரி, பெட்டியை எப்படி வடிவமைக்கிறது? பெரும்பாலானவங்க பெட்டியைப் பார்த்துட்டு உணவை அடைக்கிறாங்க. நீங்க தலைகீழா போங்க. உங்க ஒரு பிளேட் பிரியாணியை ஒரு பாத்திரத்தில் போட்டு, மட்டத்தில் கோடு போடுங்க. பிரியாணியை எடுத்துட்டு அந்தக் கோடு வரை தண்ணி ஊத்தி அளங்க. 700 மில்லி வந்தா, மேலே கொஞ்சம் இடம் விட்டு 750 மில்லின்னு வச்சுக்கலாம். ஒரு மில்லி ஒரு கன சென்டிமீட்டர். 15 செ.மீ. நீளம், 10 அகலம், 5 உயரம் பெருக்கினா 750. பெட்டி அளவு கிடைச்சாச்சு.

இங்கேதான் பணம் ஒளிஞ்சிருக்கு. அடியும் மூடியும் சேர்ந்த ஒரே துண்டா அந்தப் பெட்டியை விரிச்சா, அகலம் 15-ம் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 25 செ.மீ. நீளம்: முன்சுவர் 5, அடி 10, பின்சுவர் 5, மூடி 10, செருகும் மடிப்பு 2, ஆக 32. கடையில் கிடைக்கிற அட்டைத் தாள் 23 அங்குலத்துக்கு 36 அங்குலம், அதாவது சுமார் 58-க்கு 91 செ.மீ. நார் ஒரே வாக்கில் வரும்படி அடுக்கினா 4 பெட்டிதான் தேறும். அதே பெட்டியை 17 நீளம், 9 அகலம், 5 உயரமா மாத்துங்க. கொள்ளளவு 765, குறையலை. விரிச்சா அகலம் 27, நீளம் 30. இப்போ ஒரு தாளில் 6 பெட்டி. 1,200 பெட்டிக்கு 300 தாள் தேவைப்பட்ட இடத்தில் 200 தாள் போதும். ஒரு ஸ்கேலும் பென்சிலும் செஞ்ச வேலை இது. இதைச் சித்தியிடம் கணக்குப் போட்டுக் காட்டினப்போ, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. முதல்ல எனக்குத் தெரிஞ்சாத்தானே.

நார் வாக்குன்னு சொன்னேன் இல்லையா? துணிக்கு நேர்வாக்கு, குறுக்குவாக்கு இருக்கிற மாதிரி அட்டைக்கும் உண்டு. ஒரு சதுரத் துண்டை எடுத்து ரெண்டு திசையிலும் லேசா வளைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் சுலபமா வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற திசைதான் நார் ஓடுற திசை. பெட்டியின் நீளப் பக்கத்தோடு நார் ஓடினா, சூடான சாதம் உள்ளே இருக்கும்போது சுவர் வயிறு தள்ளாது. நாருக்குக் குறுக்கே வர்ற மடிப்புகளில் அட்டை வெடிக்கும். அதனால டை அடிக்கும்போது மடிப்புக் கோடு நல்லா பதிஞ்சிருக்கான்னு பாருங்க.

அடுத்தது மூலை. சித்தி பெட்டி பிரிஞ்சது மூலையில்தான். சாதாரணப் பெட்டியில் நாலு மூலையிலும் அட்டையை வெட்டி, சின்ன நாக்கை உள்ளே செருகியோ பசை போட்டோ நிறுத்துவாங்க. வெட்டின இடத்தில் கண்டிப்பா ஒரு சந்து இருக்கும். குழம்பு அதைத் தேடிப் போகும். பசையும் சூட்டில் இளகும். இதுக்கு விடை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருக்கு. அமெரிக்காவின் சிகாகோவில் ஃபிரெடரிக் வில்காக்ஸ் என்பவர் 1894-ல் ஒரு காகித வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். சிப்பி இறைச்சி எடுத்துப் போறதுக்காகச் செஞ்சது. அங்கே சீன உணவு பார்சலுக்குக் கம்பிக் கைப்பிடியோடு வர்ற பெட்டி, சினிமாவில் பார்த்திருப்பீங்களே, அதேதான். ஒரே தாள், மூலையில் வெட்டே கிடையாது. மூலையில் இருக்கிற சதுரத்தைக் குறுக்கே மடிச்சு, சுவரோடு ஒட்டிப் படிய வச்சுடுவாங்க. சந்தே இல்லைன்னா ஒழுக வழி ஏது? நாம சின்ன வயசுல காகிதக் கப்பல் செஞ்சப்போ அது தண்ணியில் மிதந்ததும் இதே காரணத்துக்காகத்தான். கூடுதல் அட்டையும் செலவாகாது. வெட்டி எறியுற அந்த மூலைத் துண்டுதானே மடிப்பா மாறுது.

ஆவியைப் பற்றிச் சொல்லாம விட முடியாது. மெது வடையைச் சூடா பெட்டியில் போட்டு இறுக்கி மூடினா, வீட்டுக்குப் போகும்போது அது வேர்வையில் ஊறின வடை. ஆவி வெளியேறணும். ஆனா ஓட்டையை மூடி மேல போட்டீங்கன்னா, ஒன்று மேல ஒன்று அடுக்கும்போது அடைஞ்சுடும். பக்கச் சுவரில், மேல் விளிம்பை ஒட்டி, சின்னச் சின்ன துளை போடுங்க. வடை, பஜ்ஜி, தோசைக்கு இது அவசியம். இட்லிக்குத் துளை வேண்டாம், காய்ஞ்சு போகும்.

பூச்சே இல்லாத அட்டை எண்ணெயை எப்படித் தாங்கும்னு கேப்பீங்க. எண்ணெய் இறங்காமல் இருக்க ஃப்ளோரின் வகை ரசாயனம் போட்ட காகிதமும் உலகத்தில் ரொம்ப நாளா இருந்துச்சு. உடம்பிலும் மண்ணிலும் சிதையாம தங்குதுன்னு தெரிஞ்சதும் டென்மார்க் 2020-ல் உணவு அட்டைகளில் அதைத் தடுத்துடுச்சு. நம்மகிட்ட அதுக்கு முன்னாடியே ஒரு பொருள் இருக்கு. வாழையிலை. அதன் மேல் இருக்கிற மெழுகுப் படலத்தில் எண்ணெயும் தண்ணியும் இறங்காது. நடு நரம்பைச் சீவிட்டு, அடுப்புச் சூட்டில் லேசா வாட்டினா கிழியாம வளையும். பெட்டி அளவுக்கு ஒரு துண்டு, ஓரம் ரெண்டு விரல் அளவு சுவரில் ஏறுற மாதிரி. பெட்டி பலத்தைக் கொடுக்கும், இலை ஈரத்தைத் தாங்கும். இலை கிடைக்காத நாளில் உணவுத் தர பட்டர் பேப்பர் வச்சுக்கலாம்.

ரசம், சாம்பார், பாயாவை அட்டையில் கட்ட நான் சொல்ல மாட்டேன். தூக்குவாளி கொண்டு வர்றவங்களுக்கு ஒரு கரண்டி கூட ஊத்துங்க. சித்தி கடையில் அதுதான் நடக்குது. இப்போ பாதிப் பேர் தூக்கோடதான் வர்றாங்க.

இன்னொரு சின்ன யோசனை. எண்ணெய் ஊறின அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடுக்க மாட்டார். கூழாக்கும்போது எண்ணெய் கெடுத்துடும். ஆனா மூடி பெரும்பாலும் சுத்தமாத்தான் இருக்கும். மூடி சேர்ற இடத்தில் தபால்தலை ஓரம் மாதிரி துளைக்கோடு அடிக்கச் சொல்லுங்க. சாப்பிட்டவர் மூடியைக் கிழிச்சு உலர் குப்பையில் போடலாம். பூச்சில்லாத அடிப்பகுதி இலையோடு சேர்த்து மக்கும் குப்பைக்குப் போகும். அதை மூடியிலேயே ஒரு வரி அச்சடிச்சிடலாம்.

எல்லாத்தையும் விட முக்கியம், மொத்தமா ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அச்சில்லாத வெற்று அட்டையில் 20 பெட்டி கையால வெட்டிச் செய்யுங்க. சூடா உணவைப் போட்டு மூடி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை வச்சு, 10 நிமிஷம், 20 நிமிஷம், 40 நிமிஷம்னு கறை பாருங்க. மூணு பெட்டியை அடுக்குங்க. வண்டியில் தொங்கவிட்டு ஒரு ரவுண்டு போய் வாங்க. நானும் சித்தியும் இப்படி நாலு சாயங்காலம் செஞ்சோம். முதல் நாள் மாதிரி எல்லாமே தோத்துச்சு. மூணாவது நாள் இலை ஓரத்தை உயர்த்தினப்போதான் வெள்ளைத் தாள் வெள்ளையா இருந்துச்சு.

பெட்டி செய்யுற தொழிலே தொடங்கணும்னு நினைக்கிறவங்க உங்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்க. கடன், மானியத் திட்டங்களுக்கு வழி அங்கேதான். பேக்கேஜிங் பயிற்சிக்கு இந்திய பேக்கேஜிங் நிறுவனத்துக்குச் சென்னையில் மையம் உண்டு.

அந்தப் பழைய துண்டுப் பிரசுரத்தின் புதுப் பதிப்புக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிற வாசகம் கொஞ்சம் நீளம்: "உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாத, உணவுத் தர அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வாழையிலை வையுங்கள்." முதல் வாசகம் மாதிரி எதுகை மோனை இல்லை. சித்தி படிச்சுட்டு, "இப்போதான் புரியுது"ன்னாங்க.

நின்னுபோன அலுவலக ஆர்டர் இன்னும் திரும்ப வரலை. போன வாரம் அவங்களுக்குப் புதுப் பெட்டியில் பத்து பார்சல் மாதிரிக்கு அனுப்பியிருக்கோம். மிச்சமிருக்கிற சுமார் 1,400 சாம்பல் அட்டைப் பெட்டி சித்தி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கு. பக்கத்துத் தையல்கார அக்கா 200 எடுத்து, கொக்கியும் பட்டனும் போட்டு வச்சிருக்காங்க. உங்களில் யாராவது துணிக்கடை, வளையல் கடை வச்சிருந்தா, பேச்சு முடிஞ்சதும் என்கிட்ட சொல்லுங்க.