பட்டறை கட்டுவது யார்?



ஒரு பள்ளியில் தச்சுத் தொழில் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை அமர்த்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைதேர்ந்தவர். மாதம் பிறந்தால் சம்பளமும் தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் அவர் நின்று கற்பிக்க இடமில்லை. இழைப்புளி பிடிக்க மேசையில்லை. மரத்தை அடுக்கிவைக்கக் கூரையில்லை. அவர் என்ன செய்வார்? கரும்பலகையில் உளியின் படத்தை வரைந்து காட்டுவார். பிள்ளைகள் அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அக்பரின் ஆட்சியைப் படிப்பது போலத் தச்சுத் தொழிலையும் படித்து முடித்தாயிற்று!

இந்த வேடிக்கையை முன்கூட்டியே கண்டு அஞ்சிய நாடு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசாங்கம், பள்ளிகளில் தொழிற்கல்விக்கென்று முதன்முதலாகப் பணம் ஒதுக்கியபோது, கூடம் இல்லாத ஊருக்கு ஆசிரியர் சம்பளமும் கிடையாது என்று விதி செய்தது. நல்ல விதிதானே என்று தோன்றும். ஆனால் அதே சட்டத்தின் வேறோர் இடத்தில், இந்தப் பணத்தைக் கொண்டு கூடம் கட்டக்கூடாது என்றும் எழுதப்பட்டிருந்தது. இவ்விரண்டு விதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தபோது நேர்ந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பொதுப்பணத்தைச் செலவிடும் விதிகள் என்றால் கணக்கர்களுக்கு மட்டும் உரிய வறட்டுப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பிள்ளையின் கையில் உளி ஏறும், எந்தப் பிள்ளையின் கையில் ஏறாது என்பதை அந்த வறட்டு வரிகளே முடிவு செய்கின்றன.

1917-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் கையொப்பமிட்ட அச்சட்டத்தை ஸ்மித்–ஹியூஸ் சட்டம் என்பர். ஹோக் ஸ்மித் செனட் சபை உறுப்பினர்; டட்லி ஹியூஸ் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்; இருவரும் ஜார்ஜியா மாநிலத்தவர். அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. இன்னின்னதைக் கற்பியுங்கள் என்று கட்டளையிட மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் அது பணப்பையைத் திறந்தது. வேண்டுவோர் வரலாம், ஆனால் எங்கள் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு வரவேண்டும் என்றது. விவசாயக் கல்விக்கு முதலாண்டில் 5 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள்; அத்தொகை ஆண்டுதோறும் ஏறி 1926-இல் 30 லட்சம் டாலராகும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கைத்தொழில், மனையியல், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர். அந்நாளில் அது பெருந்தொகையே.

நிபந்தனைகளுள் முதலாவது சரிபங்கு. மத்திய அரசாங்கம் ஒரு டாலர் கொடுத்தால், மாநிலமோ ஊரோ இரண்டும் சேர்ந்தோ மற்றொரு டாலர் போடவேண்டும். மாணவருக்குப் பதினான்கு வயது நிரம்பியிருக்கவேண்டும். கைத்தொழில் பள்ளியில் பாடநேரத்தில் பாதியேனும் பயன்தரும் வேலையிலேயே கழியவேண்டும். வாரத்துக்கு முப்பது மணி நேரமும் ஆண்டுக்கு ஒன்பது மாதமும் குறையாமல் பயிற்சி நடக்கவேண்டும். கரும்பலகைத் தச்சுக்கு இங்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, குறைந்த அளவேனும் கட்டடமும் கருவிகளும் இருக்கவேண்டும் என்றும், அவற்றை மாநிலமோ ஊரோ தன் சொந்தச் செலவில் அமைக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். இதற்குமேல்தான் தடை வருகிறது. மத்திய அரசாங்கத்தின் பணத்தில் ஒரு காசைக்கூட, நேராகவோ சுற்றுவழியாகவோ, கட்டடம் வாங்கவும் கட்டவும் பழுதுபார்க்கவும், கருவிகள் வாங்கவும், நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் பயன்படுத்தலாகாது.

இத்தடை 1917-இல் புதிதாகப் பிறந்ததன்று. இதன் மூதாதையைத் தேடினால் 1862-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். லிங்கன் காலத்தில் மோரில் என்பவர் கொண்டுவந்த சட்டத்தின்படி, மாநிலங்களுக்குப் பொதுநிலம் வழங்கப்பட்டது. அதை விற்ற பணத்தை முதலாக வைத்து, வட்டியைக் கொண்டு விவசாய, இயந்திரத் தொழில் கல்லூரிகளை நடத்தவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தை எந்தச் சாக்கைக் காட்டியும் கட்டடத்தில் போடக்கூடாது என்று அச்சட்டம் கண்டிப்பாகச் சொல்லிற்று. அது நியாயமே. மூலதனம் என்றென்றும் நிற்கவேண்டியது. நிருவாகிகள் கைக்கு அது போனால், கோபுரமும் மண்டபமுமாக எழுப்பிவிட்டு, உள்ளே கற்பிக்க ஆளில்லாமல் விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் வீண் அச்சமன்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் மானியத்துக்கும் ஏறத்தாழ அதே சொற்களை எடுத்துப் பொருத்தினார்கள். பெரியவருக்குத் தைத்த சட்டையைச் சிறுவனுக்கு மாட்டியது போலாயிற்று.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கிளீவ்லாந்து நகரில் ஈஸ்ட் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியும், சிகாகோ நகரில் லேன் டெக்னிகல் பள்ளியும் 1908-லேயே தோன்றிவிட்டன. அத்தகைய நகரங்களில் கூடம் முன்பே இருந்தது; சம்பளப் பணத்தை வாங்கிக்கொள்வதில் அவற்றுக்கு இடர்ப்பாடு இல்லை. கூடம் இல்லாத சிற்றூர் என்ன செய்யும்? அமெரிக்காவில் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள், அவ்வூர் வீடு நிலங்களின் மீது விதிக்கும் வரியையே பெரிதும் நம்பியிருந்தன. நிலத்துக்கு விலையில்லாத ஊரில் வரியும் இல்லை. வரியில்லாத இடத்தில் கூடமும் இல்லை. கூடமில்லாத இடத்தில் தொழிலாசிரியருக்கு மத்திய அரசாங்கத்தின் சம்பளமும் இல்லை.

விவசாயக் கல்வி மட்டும் ஒருவகையில் தப்பியது. அதற்கும் ஆண்டுக்கு ஆறு மாதமாவது கண்காணிப்பின்கீழ் செயல்முறைப் பயிற்சி வேண்டும் என்று சட்டம் கேட்டது. ஆனால் அப்பயிற்சி பள்ளியின் பண்ணையில்தான் நடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. வேறு பண்ணையானாலும் போதும் என்றது. தகப்பனாரின் சோளக்கொல்லையே மகனுக்கு ஆய்வுக்கூடமாகிவிட்டது. கடைசல் இயந்திரம் கற்கவேண்டிய பிள்ளைக்கு அந்த வசதி ஏது? எந்தத் தகப்பனார் வீட்டுப் பின்புறத்தில் கடைசல் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்?

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தென் மாநிலங்களில் அந்நாளில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பர் பிள்ளைகளுக்கும் சட்டப்படியே வெவ்வேறு பள்ளிகள். 1890-இல் வந்த இரண்டாம் மோரில் சட்டம், தனித்தனிக் கல்லூரி வைத்திருக்கும் மாநிலம் பணத்தை நியாயமாகப் பங்கிடவேண்டும் என்றாவது சொல்லிற்று. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரியும் இல்லை. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பது மாநில வாரியத்தின் விருப்பம். ஏற்கெனவே கூரை ஒழுகும் பள்ளிகளில் படித்த கறுப்பர் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் பணத்திலும் சிறுபங்கே கிடைத்தது. விதியை எழுதுகிறவர் எழுதாமல் விடும் வரிக்கும் பலன் உண்டு.

1930-களில் பொருளாதார மந்தம் வந்தபோது, பொதுப்பணி நிருவாகத்தின் வழியாக மத்திய அரசாங்கம் நாடெங்கும் பல பள்ளிக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் அது வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்கவென்று வந்த பணம்; தொழிற்கல்விச் சட்டத்தின் பணமன்று. தொழிற்கல்விச் சட்டத்திலேயே கதவு திறக்க 1963 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 18-ஆம் நாள், கென்னடி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், லிண்டன் ஜான்சன் புதிய தொழிற்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். சுற்றுவட்டாரத்துப் பல ஊர்களுக்கும் பொதுவாக ஒரு தொழிற்பள்ளி கட்ட, மத்திய அரசாங்கத்தின் பணத்தையே செலவிடலாம் என்று அச்சட்டம் அனுமதித்தது. அனுமதித்ததோடு நிற்கவில்லை. 1968 வரை ஒவ்வொரு மாநிலமும் தன் பங்கில் மூன்றில் ஒரு பகுதியையேனும், பள்ளியை விட்டு வெளியேறியவர்களின் பயிற்சிக்கோ இத்தகைய கட்டடங்களுக்கோ செலவிட்டே ஆகவேண்டும் என்றது. இரண்டாண்டுகள் கழித்து, அப்பலாச்சியா மலைப்பகுதிக்கென்று 1965-இல் வந்த சட்டம், அவ்வட்டாரத்தில் தொழிற்பள்ளி கட்டத் தனியாகவும் பணம் ஒதுக்கிற்று. நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை குறைந்து இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது.

பல ஊர்களுக்கு ஒரு பள்ளி என்னும் ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். சாதாரண வகுப்பறை கட்டுவது வேறு, பட்டறை கட்டுவது வேறு. கனத்த இயந்திரம் அதிராமல் நிற்கத் தடித்த கான்கிரீட் தளம் வேண்டும். மும்முனை மின்சாரம் வேண்டும். மரத்தூளை உறிஞ்சி வெளியேற்றக் குழாய்கள் வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் புகை தங்காமல் காற்றோட்டம் வேண்டும். கூர்மையான கருவியருகே ஐம்பது பிள்ளைகளை நெருக்கி நிறுத்தவும் இயலாது. இருபது பிள்ளைகளுக்கு, ஐம்பது பேர் அமரும் வகுப்பறையைவிடப் பெரிய இடம் தேவைப்படும். தனியூர் இதைத் தாங்காது. பத்து ஊர் சேர்ந்தால் தாங்கும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கலிபோர்னியா மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு நவம்பரில், பள்ளிக் கட்டடங்களுக்காக ஆயிரங்கோடி டாலருக்கும் மேல் கடன் பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்தார்கள். அதில் 50 கோடி டாலரைத் தொழிற்கல்விக் கூடங்களுக்கென்றே தனியாக ஒதுக்கியிருந்தார்கள். 2016-இல் மறுபடியும் 50 கோடி. 2024-இல் 60 கோடி. 2006-இல் வகுத்த விதிகளைப் பாருங்கள். புதிய கூடத்துக்கு 30 லட்சம் டாலருக்கு மிகாமலும், பழைய கூடத்தைப் புதுப்பிக்க 15 லட்சம் டாலருக்கு மிகாமலும் மாநிலம் கொடுக்கும். அதே அளவு தொகையை உள்ளூர்ப் பள்ளி நிருவாகம் போடவேண்டும். விண்ணப்பத்துக்கு மாநிலக் கல்வித் துறை மதிப்பெண் இடும். ஆம், நண்பர்களே, பள்ளிகளும் மதிப்பெண் வாங்கவேண்டும்! நகரம், புறநகர், கிராமம் என்று பகுத்துப் பணத்தைப் பங்கிட்டதால், பெருநகரங்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வழியில்லை.

கருவிகளும் வாங்கலாம், ஆனால் அவை சராசரியாகப் பத்தாண்டுகளேனும் உழைக்கக்கூடியவையாக இருக்கவேண்டும். கடன் பத்திரப் பணம் பல ஆண்டுகள் வட்டியோடு திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். ஐந்தாண்டில் பழசாகிப்போகும் கணிப்பொறியை அதில் வாங்கினால், பொறி குப்பைக்குப் போன பிறகும் அதன் கடனை மக்கள் கட்டிக்கொண்டிருப்பார்கள். இது நல்ல கணக்கு. ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. பற்றவைப்புத் தொழில் கற்கும் மாணவனுக்கு இவ்விதி பொருந்துகிறது. மின்னணுத் தொழில் கற்கும் மாணவனுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

சரிபங்கு விதியோ 1917-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிற்றூர் ஒன்றின் மொத்தச் சொத்து மதிப்பு பத்துக் கோடி டாலர் என்று கொள்வோம். 2006-இல் இருந்த சட்டப்படி, தொடக்கப்பள்ளியையும் உயர்நிலைப்பள்ளியையும் ஒருங்கே நடத்தும் நிருவாகம் அம்மதிப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குவரைதான் கடன் பத்திரம் வெளியிடலாம். அதாவது 25 லட்சம் டாலர். கூரை, குடிநீர், கழிப்பிடம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். 30 லட்சம் டாலர் சரிபங்கை அவ்வூர் எங்கிருந்து கொண்டுவரும்? இதை உணர்ந்துதான், சரிபங்குத் தொகையையும் மாநிலமே கடனாகக் கொடுக்கலாம் என்று விதியில் இடம் வைத்தார்கள். 1917-இல் யாருக்கும் தோன்றாத வழி இது. ஆனால் கடன் கடன்தான். ஏழை ஊர் அதைத் திருப்பிக் கட்டவேண்டும்.

கலிபோர்னியாவின் இந்தப் பணம் கட்டடத்துக்கும் நிலைத்த கருவிக்கும் மட்டுமே உரியது. கூடம் எழுந்தபின் அதில் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் இதிலிருந்து வராது. மத்திய அரசாங்கத்தின் தொழிற்கல்விப் பணம் 1984 முதல் பெர்கின்ஸ் சட்டம் என்ற பெயரால் வருகிறது. 2018-இல் அதைத் திருத்திப் புதுப்பித்தார்கள். அதில் பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் இடமுண்டு. கூடம் கட்ட, பொதுவாக, இடமில்லை. ஆகவே பட்டறை வேண்டும் ஊர் இன்றும் செங்கல்லுக்கு ஓர் அலுவலகத்திலும், ஆசிரியருக்கு மற்றோர் அலுவலகத்திலும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே ஆண்டில் கிடைத்துவிட்டால் அவ்வூர்ப் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள்.