எந்த உலாவி நல்லது?



எந்த இணைய உலாவி சிறந்ததென எம்மிடம் பலர் வினவுகின்றனர். 2008இல் வந்த குரோமும், 2020இல் புத்துருப் பெற்ற எட்ஜும் குரோமியம் என்ற ஒரே அடிப்படையிற் கட்டப்பட்டவை. இவற்றுள் எது மேலென்பது, ஒரே மாவில் இருவர் சுட்ட தோசைக்கு வழக்காடுவது போலாம். பயர்பொக்ஸும் சபாரியும் வேறு இயந்திரமுடையன.

கந்தோருக்கு எட்ஜ் உகந்தது. விண்டோசுடனே வருகிறது, 2022இல் ஓய்வுபெற்ற இன்ரர்நெற் எக்ஸ்புளோரருக்கென எழுதிய பழைய பக்கங்களையும், அதற்கென அமைத்துக்கொண்டால், திறந்து காட்டும். வீட்டிலோ, விளம்பரக்காரர் பின்தொடர்வதை விரும்பாதோர் பயர்பொக்ஸை நாடலாம்.

ஆயினும் ஒன்று. அண்மையில் பொதுக் கணினியொன்றில் ஒரு தம்பியின் வங்கிக் கடவுச்சொல் உலாவியிற் சேமிக்கப்பட்டுக் கிடக்கக் கண்டோம். “சேமிக்கவா?” என்று அது கேட்டிருக்கிறது, அவரும் ஆமென்று அழுத்திவிட்டார். அதை அழித்துவிட்டு, அன்றே அவருக்குச் சொல்லி அனுப்பினோம்.