ஓடு செய்தவரின் தேநீர்க் கிண்ணம்

விடிகாலையில் வேலைக்குப் புறப்படுமுன் நாம் குடிப்பது அவசரத் தேநீர். தூளைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆற்றி, நின்றபடியே குடித்துவிடுகிறோம். ஜப்பானியர் தேநீர்ச் சடங்கில் இலையை மாவாகவே அரைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பச்சை மாவைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் வார்த்து, மூங்கில் மத்தினால் நுரைவரக் கலக்கி, வடிகட்டாமல் பருகுகிறார்கள். கலக்குவதும் அதிலே, குடிப்பதும் அதிலே. ஆகவே கிண்ணத்துக்கு அங்கே தனி மரியாதை.

நெடுங்காலம் செல்வர்கள் சீனத்திலிருந்து வந்த பளபளப்பான கிண்ணங்களையே போற்றினர். சென் நோ ரிக்யூ (1522-1591) என்ற தேநீர் ஆசானுக்கோ எளிமைதான் அழகு. தமக்கு வேண்டிய கிண்ணத்தைச் செய்ய அவர் யாரைப் பிடித்தார் தெரியுமா? கியோத்தோ நகரில் கூரை ஓடு செய்துவந்த சோஜிரோவை! அவர் 1574இல் செய்த மண் சிங்கம் ஒன்று இன்றும் இருக்கிறது.

சோஜிரோ குயவர் சக்கரத்தைத் தொடவில்லை. களிமண்ணைத் தட்டி, ஓரத்தைக் கையாலேயே தூக்கி நிறுத்தி, கத்தியால் சீவினார். கறுப்புக் கிண்ணத்துக்குக் காமோ ஆற்றுக் கல்லைப் பொடித்துப் பூசுவார்கள். சூளையில் அது தணலாய்ச் சிவந்திருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுப்பார்கள். சட்டென்று குளிர்வதால் பூச்சு கறுத்துவிடும். இடுக்கி பிடித்த தழும்பும் அதில் தங்கிவிடும்; அதை யாரும் குறை சொல்வதில்லை. தடித்த மண் ஆதலால் தேநீர் சீக்கிரம் ஆறாது, கையும் சுடாது.

அந்நாளில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியிடம் பொன் தகடு வேய்ந்த தேநீர் அறையே இருந்தது. 1586இல் அதை அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சக்கரவர்த்திக்குக் காட்டினார். அவருக்குக் கறுப்புக் கிண்ணம் பிடிக்காது என்று அக்காலத்து வணிகர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ரிக்யூவோ கறுப்பை விடவில்லை. 1591இல் ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள நேர்ந்தது. காரணம் என்ன என்று இன்றும் வாதிடுகிறார்கள். கிண்ணத்தின்மேல் நாம் பழி போட வேண்டாம்.

அந்தப் பொன் அறை இப்போது இல்லை. சோஜிரோவின் கிண்ணங்கள் இருக்கின்றன. அவர் தொழில்வழி வந்த ராக்கு குடும்பம் கியோத்தோவில் இன்னும் கையாலேயே கிண்ணம் செய்கிறது. 2019இல் பதினாறாம் தலைமுறை பொறுப்பேற்றது. வீட்டுக்குப் பக்கத்திலேயே 1978இல் ஒரு காட்சிச்சாலை திறந்தார்கள். குடும்பத்தார் செய்த கிண்ணங்களைக் கையில் ஏந்திப் பார்க்கவும் அங்கே சில நாள்களில் இடம் தருகிறார்கள்.